கேட்டால் குறையும் கட்டணம்

பல் டாக்டரிடம் வருகிறவர்கள் இரண்டு காரியத்துக்காக வாயைத் திறப்பார்கள். ஒன்று பல்லைக் காட்ட, இன்னொன்று பேரம் பேச. நம் டாக்டர் முதல் காரியத்தில் கெட்டிக்காரர். குத்துவதே தெரியாமல் ஊசி போடுவார் என்று அந்த வட்டாரத்தில் பெயர். இரண்டாவது காரியத்தில் அவரைப் போல ஓர் அப்பாவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "கொஞ்சம் பாத்துப் போடுங்க டாக்டர்" என்று யாராவது தலையைச் சொறிந்தால் போதும், மனிதர் கரைந்துவிடுவார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு கை ஜாடையிலேயே பேரம் பேசிக் குறைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து பணம் வாங்குவது அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்தவள். மின்சாரத்தில் ஏறி இறங்கும் புது நாற்காலியை வாங்கிய கடனை வங்கிக்காரர்கள் மாதம் தவறாமல் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மதியம், கூட்டம் ஓய்ந்த பிறகு, சுவரில் மாட்டியிருந்த கட்டணப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி அவள் சொன்னாள்:

"எல்லாரும் கேக்கத்தான் போறாங்க. நீங்க குறைக்கத்தான் போறீங்க. அப்ப முதல்லயே ஏத்தி வச்சுக் குறைச்சா என்ன? எங்க துணிக்கடையில அப்படித்தான். வாங்குறவங்களுக்கும் சந்தோஷம், விக்கிறவங்களுக்கும் நஷ்டமில்ல."

"கேக்காதவங்க?"

"கேக்காதவங்களுக்குக் கட்டுப்படியாகுதுன்னு அர்த்தம்."

டாக்டருக்கு அது நியாயமாகவே பட்டது. படாமல் என்ன செய்யும், கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்ததே. பலகையில் ரூட் கெனால், கேப், பல் கட்டுவது எல்லாம் ஒரே தாவாகத் தாவின. பல் பிடுங்குவதற்கான கட்டணத்தை மட்டும் தொடவில்லை. "வலியோட வர்றவங்க அதுக்குப் பேரம் பேசுறதில்லைங்க. பாவம், அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் மனைவி. அதில் இருவருக்கும் கொஞ்சம் பெருமைகூட. ஏழைகளுக்குச் செய்கிறோம் என்று ஓர் எண்ணம்.

கூடவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். கேட்காமல் குறைக்கக் கூடாது. நாமே வலியப் போய்க் குறைத்தால், பலகை பொய் சொல்கிறது என்று நாமே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஏற்பாடு அமர்க்களமாக நடந்தது. வந்தவர்கள் கேட்டார்கள், டாக்டர் யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கினார், மனைவி பெருமூச்சு விட்டுக் குறைத்தாள், எல்லோரும் சிரித்த முகமாகப் போனார்கள். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் இந்த ஏற்பாட்டையும் மீறியவர். அவருக்குப் பாதிக்காரர் என்று பெயர். என்ன விலை சொன்னாலும் பாதியில்தான் ஆரம்பிப்பார், அங்கிருந்தும் கீழேதான் போவார்.

இப்படியிருக்கும்போதுதான் ரேடியோ வந்தார்.

ரேடியோ என்பது இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருந்தவருக்கு ஊர் வைத்த பெயர். காலையில் கதவைத் திறந்தால் ராத்திரி சாத்தும்வரை அந்த வாய் ஓயாது. யார் வீட்டில் பூனை குட்டி போட்டது என்பதிலிருந்து அடுத்த தேர்தலில் யார் மண்ணைக் கவ்வுவார் என்பதுவரை எல்லாம் அங்கே ஒலிபரப்பாகும். முடி வளராதவர்கள்கூட அவர் பேச்சைக் கேட்க பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரு அட்டை தொங்கும்: எல்லாத் தலைக்கும் ஒரே விலை. மூட்டை தூக்குகிறவரிடமும் அதேதான், கார் நிறுத்திவிட்டு வருகிறவரிடமும் அதேதான். யாராவது குறைக்கச் சொன்னால், "தாராளமா குறைக்கலாமே, பாதித் தலையோட எழுந்து போறீங்களா?" என்பார். டாக்டர் பிராக்டிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார்.

அப்படிப்பட்டவர் மேலுதடு வீங்கி, ஒரு கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தார். அந்த வலியிலும் ஒலிபரப்பு நிற்கவில்லை.

"பாத்தீங்களா டாக்டர், நாற்காலி மாறிப்போச்சு. எத்தனை தடவை உங்க தலையைப் பிடிச்சு இப்படித் திருப்பு, அப்படித் திருப்புன்னு படுத்தியிருப்பேன். இன்னைக்கு வட்டியோட வசூல் பண்ணிடாதீங்க."

மேல் வரிசையில் முன்பல். என்றைக்கோ அலமாரிக் கதவு மோதியதாம். உள்ளே நரம்பு செத்து, பல் லேசாகச் சாம்பல் நிறமாகி, வேரின் முனையில் சீழ் கட்டியிருந்தது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார் டாக்டர்.

"பயப்பட ஒண்ணுமில்ல. ஒரே வேர்தான். ரூட் கெனால் பண்ணி மேல கேப் போட்டுட்டா, உங்க ஆயுசுக்கும் நிக்கும். இப்ப வீக்கம் வத்த மாத்திரை தர்றேன். செலவெல்லாம் வெளியில கேட்டுக்குங்க."

வீக்கம் வற்றியதும் ரேடியோ மறுபடி வந்தார். அந்தக் காலை டாக்டருக்குச் சரியான காலையாக அமையவில்லை. பாதிக்காரர் சற்று முன்னால்தான் வந்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கும் இதே வேலை, இதே ரூட் கெனால், இதே கேப். பேசிப் பேசி, எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அடிமாட்டு விலைக்கு முடித்துக்கொண்டார். போகும்போது மேசை மேல் இருந்த பற்பசையையும், "இது சும்மாத்தானே?" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். டாக்டருக்கு வயிறு எரிந்தது. அதே எரிச்சலோடுதான் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

ரேடியோ வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பேச்சு குறைவாக இருந்தது.

"எடுத்துடுங்க டாக்டர்."

"எதை? அது நல்ல பல்லுங்க. காப்பாத்தலாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. நமக்கு ஆகாது டாக்டர், எடுத்துடுங்க."

நமக்கு ஆகாது. அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. டாக்டர் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை, அது பல்லைப் பற்றிய பேச்சில்லை, பணத்தைப் பற்றிய பேச்சு என்று அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கேட்டால் குறைக்கலாம். பாதிக்காரருக்குக் கொடுத்ததில் கால்வாசி பெருந்தன்மை காட்டினால்கூடப் போதும். கேட்கட்டும் என்று காத்திருந்தார். கையுறையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கேட்காமல் குறைக்கக் கூடாது என்ற சட்டம் ஒரு பக்கம். அதைவிட அடியில் இன்னொன்று இருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசும்: காலையில்தான் ஒருத்தர் உரித்து எடுத்துவிட்டுப் போனார், இவராவது முழுசாகக் கொடுக்கட்டுமே.

ரேடியோ வாயைத் திறந்தார். கேட்கப் போகிறார் என்று டாக்டர் நினைத்தார். அவர் பல்லைக் காட்டத்தான் திறந்தார்.

அந்தப் பல் லேசில் வரவில்லை. கெட்டுப்போன பல் என்றால் இடுக்கி பட்டதும் ஆடும். இது ஊன்றி நின்றது. வெளியே வந்தபோது வேர் நீளமாக, முழுசாக, வெள்ளையாக இருந்தது. முனையில் மட்டும் கொஞ்சம் சீழ். டாக்டர் அதை ரேடியோவிடம் காட்டவில்லை. வழக்கமாக எல்லோருக்கும் காட்டுவார். தட்டில் போட்டுத் துணியால் மூடிவிட்டார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு ரேடியோ முன்னறைக்குப் போய், பிடுங்குவதற்கான கட்டணத்தைச் சில்லறைகூடத் தவறாமல் எண்ணி வைத்தார். நன்றி என்று தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பைத்தான் டாக்டரால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் சலூன் இருந்த தெருவில் நடப்பதையே விட்டார். பால் வாங்கப் போனால் சுற்றி வளைத்துப் போவார். தலைமுடி காதை மூடி, சட்டைக் காலர்மேல் விழுந்தது. "இதென்ன கோலம்? நோயாளிங்க பயந்துடப் போறாங்க" என்று மனைவி விரட்டிய பிறகுதான் ஒருநாள் போனார்.

உள்ளே நுழைந்ததும் பாட்டுச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்குப் பக்கத்துத் தட்டில், பவுடர் டப்பாவை ஒட்டி, சின்னதாக ஒரு ரேடியோப் பெட்டி. புதுசு. இத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

"வாங்க டாக்டர்" என்றார் ரேடியோ. புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார். அவ்வளவுதான். துணியைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, வெட்ட ஆரம்பித்தார். பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, "என்னப்பா, முன்னெல்லாம் பேப்பர் படிக்கவே விடமாட்டே. இப்ப பேப்பர் முழுசும் படிச்சு முடிச்சு விளம்பரத்துக்கு வந்துட்டேன்" என்றார். ரேடியோ உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தார். கண்ணாடியில் டாக்டர் அதைப் பார்த்தார். பார்க்காமல் எங்கே திரும்புவது? ரேடியோ அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்திருந்தாரே.

"வலி ஏதாவது இருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்ல டாக்டர். பேசுனா காத்து போகுது. விசில் அடிக்கிற மாதிரி. அதான்."

வழக்கமான பணத்தைக் கொடுத்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார், பல் பிடுங்கிய அன்று காலையில் பாதிக்காரர்மேல் இருந்த எரிச்சல் உட்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் பாத்துட்டுத்தாங்க இருந்தேன். விலையைச் சொன்னதும் அவரு ரொம்ப நேரம் போர்டு முன்னாடி நின்னாரு. நான் அவரு வாயையே பாத்துட்டு இருந்தேன், இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு. கேட்டா சொல்றதுக்குக் குறைச்ச விலை எனக்கு நாக்கு நுனியில இருந்துச்சு."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"நீங்க?"

கட்டுப்படியாகிறவர்கள் கேட்க மாட்டார்கள் என்று போட்ட கணக்கு தலைகீழாக இருந்தது. கேட்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கட்டுப்படியாகிக்கொண்டிருந்தது. வாயில்லாதவர்கள் பல்லையும் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ரேடியோவுக்கு முன்னால் இப்படி எத்தனை பேர் "எடுத்துடுங்க" என்று சொல்லியிருப்பார்கள் என்று டாக்டர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகங்கள் வந்தன.

அந்த வாரமே புதுப் பலகைக்குச் சொன்னார்கள். ஒரே விலை, நியாயமான விலை, கேட்டாலும் குறையாது, கேட்காவிட்டாலும் ஏறாது. கடனை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டலாம் என்று மனைவியே வங்கிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பலகை வந்து இறங்கியது. டாக்டர் ஆணியும் சுத்தியலுமாக ஸ்டூலில் ஏறினார். மனைவி பலகையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு தினமும் இந்த வழியாத்தான் கடைக்குப் போறாரு. கதவு திறந்திருந்தா தெருவிலிருந்தே இது தெரியும். தெருவில நின்னு படிச்சா தெரிஞ்சுக்கணும் அவரு? முதல்ல போய் நீங்க சொல்லுங்க. அப்புறம் மாட்டலாம்."

"இப்பத்தானே முடி வெட்டிட்டு வந்தேன். கொஞ்சம் வளரட்டுமே."

"தாடி வளந்திருக்குல்ல? ஷேவ் பண்ணிக்குங்க."

பலகையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். டாக்டருக்கு ஸ்டூலை விட்டு இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

சலூனில் பெஞ்சு நிறைந்திருந்தது. யாரும் பேசவில்லை, பெட்டி மட்டும் வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரின் முறை வந்தது. "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பிரஷ் நுரையோடு வாய்மேல் வந்துவிட்டது.

"ஆடாதீங்க டாக்டர், வெட்டிடும்."

இதே வார்த்தையைத் தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் வாயை மூடினார். ஒரு கன்னம் முடிந்தது. ரேடியோ கத்தியைத் துடைக்கத் திரும்பினார். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று டாக்டருக்குத் தோன்றியது. பாதி முகம் நுரையோடு சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு உங்களுக்குச் சொன்ன விலை நிஜ விலை இல்லைங்க."

ரேடியோ திரும்பவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டா குறைக்கலாம்னு ஏத்தி வச்ச விலை. எல்லாரும் கேப்பாங்க, குறைப்போம். நீங்க கேக்கல."

"குறைச்சா எவ்வளவு?"

டாக்டர் சொன்னார். கண்ணாடியில் ரேடியோவின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன, அந்தத் தொகையைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது போல.

"அது என்னால முடிஞ்சிருக்கும்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் டாக்டர் பிழைத்திருப்பார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், கணக்குச் சரிபார்த்துச் சொல்வது போல.

"நீங்க எடுத்துடுங்கன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், காசுக்காகத்தான்னு. நானே சொல்லியிருக்கலாம். அன்னைக்குக் காலையில ஒருத்தர் என்னை உரிச்சுட்டுப் போயிருந்தாரு. உங்ககிட்டயாவது முழுசா வாங்கலாம்னு நினைச்சேன். அதான் நிஜம்." டாக்டர் வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டார். "புதுப் பல் நான் வச்சுத் தர்றேன். காசே வேணாம்."

ரேடியோ அவர் தலையை நேராகப் பிடித்து வைத்தார்.

"நான் உங்களுக்கு எப்பவாவது ஓசியில வெட்டியிருக்கேனா?"

"இல்ல."

"உங்க தலைன்னு ஏத்தி வாங்கியிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

மிச்சமிருந்த கன்னத்தை அவர் வழித்து முடித்தார். கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. தண்ணீர் அடித்து, துடைத்து, பவுடர் போட்டு, துணியை உதறினார். டாக்டர் எழுந்து பணத்தை நீட்டினார்.

"இது பத்தாது டாக்டர்" என்றார் ரேடியோ. ஒரு விலை சொன்னார். வழக்கமான விலைக்கு இரண்டு மடங்குக்கும் மேலே. பெஞ்சில் செய்தித்தாள்கள் கீழே இறங்கின. எல்லாத் தலைக்கும் ஒரே விலை என்ற அட்டை அவர்கள் கண்ணுக்கு நேரே, கண்ணாடிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் மறுபேச்சில்லாமல் பர்சைத் திறந்தார். கொடுத்துவிட்டால் நெஞ்சில் பாரம் கொஞ்சம் குறையும் என்று ஒரு ஆசை. ரேடியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி டக்குன்னு எடுத்துக் குடுக்காதீங்க. அதிகம்னு தெரியுதுல்ல? குறைக்கச் சொல்லுங்க."

"வேணாங்க, இருக்கட்டும்."

"சொல்லுங்க டாக்டர். கேட்டா குறைப்பேன்."

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். தெரிந்த முகங்கள். பாதிப் பேர் அவர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்தவர்கள். தினமும் காதில் விழுகிற வார்த்தைதான், தூக்கத்தில்கூடச் சொல்லலாம். "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. வழித்த கன்னம் சுட்டது. மறுபடி முயன்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வரலை இல்ல?" என்றார் ரேடியோ.

"வரலை."

"எனக்கும் வரலை டாக்டர்."

அதைச் சொல்லும்போது அவர் வாயைக் கையால் மூடிக்கொள்ளவில்லை. அந்தக் கறுப்பு இடைவெளி டாக்டருக்கு நேராகத் தெரிந்தது. ரேடியோ வழக்கமான தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை டாக்டரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"ஒரே விலைன்னு புதுப் பலகை எழுதி வச்சிருக்கோம்" என்றார் டாக்டர். வேறென்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மாட்டுங்க. இனிமே வர்றவங்களுக்கு நல்லது."

அடுத்தவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோ துணியை உதறிப் போர்த்தினார். டாக்டர் படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது, உள்ளே ரேடியோ தட்டிலிருந்த பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைப்பது கேட்டது.